விரல் போனால் முளைக்காது!



பால்மரத்துக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1877-ம் ஆண்டில் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த மரம் அது. அந்த மரத்தின் பின்னால் நம் பாட்டன், பூட்டன் கப்பலேறி வந்தனர். காட்டை அழித்தனர், கன்று நட்டனர், பால் வெட்டினர், அந்த மண்ணிலேயே அடங்கினர். மரத்தின் ஆயுள் நமக்குத் தெரியும். 25, 30 ஆண்டுகள் பால் கொடுக்கும். அதற்குப் பிறகு மறுநடவு. பழைய மரம் சாய்க்கப்படும்.

சாய்ந்த மரம் ஒரு காலத்தில் வெறும் விறகு. புகைக்கொட்டகை அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போயிற்று. மிச்சம் காட்டிலேயே எரிக்கப்பட்டது. இன்று அப்படியில்லை. ரப்பர் பலகை நாற்காலியாகவும் மேசையாகவும் கட்டிலாகவும் மாறி, கப்பலேறி அயல்நாட்டுச் சந்தைக்குப் போகிறது. மூவார் வட்டாரம் இந்தத் தொழிலால் பெயர் பெற்று நிற்கிறது. மரத்தை அறுத்தவுடன் மருந்தேற்றி, சூட்டறையில் உலர்த்தினால் நீலப் பூசணமும் உளுவண்டும் அண்டாமல் காக்கலாம் என்று கண்ட பிறகு, விறகாய்ப் போன மரத்துக்கு விலை வந்தது. நல்ல செய்திதான். நாட்டுக்கு வருமானம், பிள்ளைகளுக்கு வேலை.

ஆனால் மரத்தோடு தோட்டத்தைவிட்டுப் புறப்பட்டவர்கள் நம் பிள்ளைகளும்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், லயத்தைக் காலி செய்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே போனார்கள்? பலர் தொழிற்சாலைக்கும் பட்டறைக்கும் போனார்கள். அப்பன் பால் வெட்டிய மரத்தை மகன் பலகையாக இழைக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் நேப்பாளத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த பாட்டாளியும் நின்று இழைக்கிறான். அந்த இழைப்பு மிஷினைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

கெத்தாம் என்னும் நண்டு

மலாய் மொழியில் இழைப்புளிக்குக் கெத்தாம் என்று பெயர். நண்டுக்கும் அதே பெயர்தான். இந்த மிஷினுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம்! அசந்தால் விரலைக் கவ்விவிடும். நண்டு கவ்வினால் விடும். இது விடாது.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஜாயின்டர். இரண்டு இரும்பு மேசைகள். நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் கத்தி பதித்த உருளை சுழல்கிறது. பலகையைக் கையால் அழுத்திக்கொண்டு முன்மேசையிலிருந்து பின்மேசைக்குத் தள்ளினால், பலகையின் அடிப்பக்கம் சீவப்பட்டுச் சமமாகிறது. மற்றொன்று திக்னசர் என்னும் பிளேனர். அதில் கத்தி மேலே இருக்கிறது. பலகையை வாயில் கொடுத்தால் உருளைகள் அதைப் பற்றி இழுத்து, ஒரே கனமாகச் சீவி மறுபக்கம் தள்ளுகின்றன.

முதல் வகையில்தான் மனிதக் கை கத்திக்கு மிக அருகில் வேலை செய்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராணிக்குக் கணக்குத்தானே பழக்கம்! உருளை நிமிஷத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றுகிறது என்றும் அதில் 3 கத்திகள் இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 15,000 வெட்டு. ஒரு விநாடிக்கு 250 வெட்டு. அபாயம் என்று கண்டு கையை இழுக்க மனிதனுக்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குள் 50 வெட்டு விழுந்துவிடும்! எவ்வளவு கெட்டிக்காரனானாலும் இந்த வேகத்தை வெல்ல முடியுமா?

மற்றொன்றும் அறிய வேண்டும். பாராங்கத்தியால் துண்டான விரலை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் சில வேளைகளில் பொருத்திவிடுகிறார்கள். இழைப்பு மிஷினில் போன விரலுக்குப் பெரும்பாலும் அந்த வாய்ப்பும் கிடையாது. பொருத்துவதற்குத் துண்டு மிஞ்சினால்தானே! அது மரச்சீவலோடு சீவலாகப் போய்விடுகிறது.

“கவனக்குறைவு” என்னும் ஒரே வார்த்தை

விபத்து நடந்த பிறகு என்ன நடக்கிறது? பாரம் நிரப்பப்படுகிறது. விபத்து எப்படி நேர்ந்தது என்ற கேள்விக்குப் பல நிர்வாகங்களிடம் ஒரே பதில் தயாராக இருக்கிறது: “தொழிலாளியின் கவனக்குறைவு.” அத்தோடு விஷயம் முடிந்தது. இரத்தம் கழுவப்படுகிறது. மறுநாள் காலையில் அதே மிஷின் முன் வேறொரு தொழிலாளி நிறுத்தப்படுகிறான்.

தோழர்களே, இந்த ஒரு வார்த்தையைத்தான் நாம் எதிர்க்க வேண்டும். கவனக்குறைவே இல்லாத மனிதன் உலகில் உண்டா? எட்டு மணி நேரம், அதன் மேல் ஓவர்டைம், காதைப் பிளக்கும் இரைச்சல், மூக்கில் தூள், நின்று நின்று மரத்துப் போன கால். இந்த நிலையில் ஒரு விநாடி கூடக் கவனம் சிதறாமல் இருக்க மனிதன் என்ன இரும்பா? கவனம் சிதறும் அந்த ஒரு விநாடியிலும் கை பத்திரமாக இருக்கும்படி செய்வதற்குத்தான் காவல் தகடு என்று ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். கத்தியின் மேல் மூடியிருந்து, பலகை போகும் அளவுக்கு மட்டும் விலகி, பலகை போனதும் மறுபடி மூடிக்கொள்ளும் தகடு அது. கத்திக்கு மேலே பாலம்போல் நிற்பதும் உண்டு. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “ஏனப்பா கவனமாக இல்லை?” என்பதன்று. “காவல் தகடு எங்கே?” என்பதே.

அந்தக் கேள்விக்குப் பல பட்டறைகளில் கிடைக்கக்கூடிய விடை: “மூலையில் கிடக்கிறது.” கழற்றியவன் யார்? தொழிலாளியே கழற்றியிருக்கலாம். ஏன் கழற்றினான்? துண்டுக் கணக்கில் கூலி. தகடு இருந்தால் வேலை தாமதம் என்று நினைக்கிறான். மேற்பார்வையாளர் தினமும் பார்த்துக்கொண்டுதான் போகிறார். கண்டும் காணாதவர்போல் போகிறார். எண்ணிக்கை கூடினால் சந்தோஷப்படுகிறார். விரல் போன அன்றுதான் அவருக்குத் தகட்டின் ஞாபகம் வருகிறது!

இங்கே பால்வெட்டுத் தோழர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். பட்டைக்கு அடியில் கத்தி ஆழமாகப் பாய்ந்தால் மரத்தில் காயம். வெட்டுப் பார்க்க வருபவர் அந்தக் காயத்தை எண்ணுகிறார், குறித்துக்கொள்கிறார், பெரட்டில் கூப்பிட்டுக் கேட்கிறார். மரத்தின் காயத்துக்கு இத்தனை கணக்கு! அதே மரம் பலகையாகிப் பட்டறைக்கு வந்த பிறகு, அதை இழைப்பவன் விரலில் விழும் காயத்துக்கு ஒரே வார்த்தையில் கணக்கு முடிப்பது எந்த நாட்டு நியாயம்?

ரப்பர் பலகையின் தனிக் குணம்

ரப்பர் பலகை இழைப்பவருக்கு ஒரு தனி அபாயம் இருக்கிறது. பால்மரம் காட்டு மரம்போல் நெடுநெடுவென்று நீண்ட பலகை தருவதில்லை. அடிமரம் குட்டை, சுற்றளவும் குறைவு. கணுவும் பிளவும் தள்ளுபடி செய்தால் மிஞ்சுவது சிறு சிறு துண்டுகள். அந்தத் துண்டுகளைப் பல் வெட்டி, பசையிட்டு ஒட்டித்தான் நீளமும் அகலமும் உள்ள பலகையாக்குகிறார்கள். ஆக, இந்தத் தொழிலே குட்டைத் துண்டுகளின் மேல் நிற்கிறது.

ஆனால் ஜாயின்டர் மிஷினுக்கு மிகவும் ஆகாதது எது என்றால் அதே குட்டைத் துண்டுதான்! நீண்ட பலகை இரு மேசைகளின் மேலும் படிந்து நிற்கும். குட்டைத் துண்டு இடைவெளியில் தலை சாய்ந்துவிடும். கத்தி அதைத் தட்டிப் பறித்து எறியும். துண்டை அழுத்திக்கொண்டிருந்த கை அதே வேகத்தில் கத்தியின் மேல் விழும். அதனால்தான் 12 அங்குலத்துக்கு, அதாவது 300 மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டைக் கையால் தள்ளி இழைக்கக் கூடாது என்பது இத்தொழிலின் பொது விதியாக இருக்கிறது.

பெரிய தொழிற்சாலைகளில் நாலு பக்கமும் தானாக இழைக்கும் மிஷின்கள் இருக்கின்றன. அங்கே கை கத்திக்கு அருகில் போக வேண்டியதில்லை. பழைய கை மிஷின் சின்னப் பட்டறைகளுக்கும், குத்தகைக்கு வேலை எடுக்கும் கொட்டகைகளுக்கும்தான் வந்து சேருகிறது. தோட்டத்து ஸ்டோர்களிலும், லயத்துக் கதவு ஜன்னலைப் பழுது பார்க்க, தச்சருக்கென்று இப்படி ஒரு மிஷின் இருக்கக்கூடும். பலகையைத் தானாகத் தள்ளும் கருவி ஒன்றை இந்த மிஷின்களின் மேல் பூட்டலாம். குட்டைத் துண்டைத்தான் இழைத்தாக வேண்டும் என்று சொல்லும் முதலாளி, அந்தக் கருவியையும் வாங்கி வைக்கட்டும். துண்டு வியாபாரத்தில் வரும் இலாபம் அவருக்கு, போகும் விரல் நமக்கு என்ற பங்கீட்டை நாம் ஏற்க முடியாது.

தொழிலாளி செய்ய வேண்டியவை

முதலாளியை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் சும்மா இருப்பது முறையன்று. நம் கை நம்முடையது. பின்வருவனவற்றை இந்த மிஷினில் நிற்கும் ஒவ்வொரு தோழரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

1. காவல் தகடு இல்லாத மிஷினை ஓட்டாதீர்கள். தகடு தடையாக இருந்தால் அதைச் சரி செய்யச் சொல்லுங்கள். கழற்றாதீர்கள்.

2. கத்திக்கு நேர் மேலே எந்தக் கையும் போகக் கூடாது. கை கத்தியை நெருங்குமுன் எடுத்து, அப்பால் பின்மேசையில் வைத்துப் பிடியுங்கள். மெல்லிய பலகைக்கும் குறுகிய பலகைக்கும் தள்ளுகட்டை இல்லாமல் வேலை கூடாது. பலகையின் வால் பக்கத்தைக் கட்டை விரலால் தள்ளுவது பலரிடம் உள்ள பழக்கம். விரல் பலி கொடுக்கும் பழக்கம் அது.

3. ஒரே இழைப்பில் ஆழமாகச் சீவ ஆசைப்படாதீர்கள். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் போதும். எட்டில் ஒரு பங்குக்கு மேல் வேண்டவே வேண்டாம். இரண்டு முறை தள்ளினால் நேரம் கொஞ்சம் போகும். விரல் போகாது.

4. நார் ஓட்டத்தைப் பார்த்து அதன் போக்கில் தள்ளுங்கள். எதிர் நாரும் கணுவும் பலகையை உதைத்துத் தள்ளும். குழிந்த பக்கம் கீழே இருந்தால் பலகை ஆடாது. ரப்பர் பலகையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மங்கு கட்டிய கம்பியும் பால் வடிய அடித்த தகடும் மரத்துக்குள் புதைந்து போயிருக்கலாம். கத்தியில் அது பட்டால் தெறிக்கும். பால் வெட்டியவனுக்குத் தெரிந்த இந்த விஷயம் பட்டறைக்காரனுக்குத் தெரியாமல் இருக்கலாம். சொல்லிக் கொடுங்கள்.

5. கையுறை, தொங்கும் சட்டைக்கை, துப்பட்டா, வளையல், மோதிரம், அவிழ்ந்த கூந்தல் ஆகிய எதுவும் இந்த மிஷினுக்கு அருகில் கூடாது. கையுறை காக்கும் என்று எண்ணுவது தவறு. கத்தி அதைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடியும் காதடைப்பும் முகமூடியும் கட்டாயம் வேண்டும்.

6. திக்னசர் மிஷினில் பலகைக்கு நேராக நிற்காதீர்கள். ஒதுங்கி நில்லுங்கள். பலகை சில சமயம் பின்னால் உதைத்துக்கொண்டு வரும். குனிந்து வாய்க்குள் பார்க்காதீர்கள். கனம் வேறுபட்ட இரண்டு பலகைகளை ஒன்றாகக் கொடுக்காதீர்கள். முன் உருளைக்கும் பின் உருளைக்கும் உள்ள தூரத்தைவிடக் குட்டையான துண்டைக் கொடுத்தால் அது நடுவில் அநாதையாக நின்று சிதறும்.

7. சுவிட்சை அணைத்த பிறகும் கத்தி சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். சத்தம் அடங்கியதே என்று சீவலைக் கையால் வழிக்காதீர்கள். முழுதும் நின்ற பிறகு, குச்சியால் அல்லது தூரிகையால் தள்ளுங்கள். கத்தி மாற்றும்போது மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை மாற்றுபவரே சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். புதுக் கத்தியின் திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

8. மழுங்கிய கத்தி பத்திரமானது என்று நினைக்காதீர்கள். பால் வெட்டுபவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் தேவை. அதிகம் அழுத்துகிறவன்தான் வழுக்கி விழுகிறான்.

“நான் இருபது வருஷமாக இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்லும் மூத்த தோழர்கள் உண்டு. அவர்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்பது இதுவரைக்குமான கணக்கு. நாளைக்கு அது உத்தரவாதம் ஆகுமா? அதோடு அவரைப் பார்த்துப் பழகும் இளைஞனுக்கு இருபது வருஷத் திறமை இல்லை. அவருடைய துணிச்சல் மட்டும்தான் அவனிடம் வருகிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

1994-ம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. 1967-ம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் அதே நாளில் நீக்கப்பட்டது. தொழிலாளரின் பாதுகாப்பைக் கவனிக்கத் தவறும் முதலாளிக்கு அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. சிறைத் தண்டனையும் உண்டு. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். 40 பேரும் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு.

இன்னொரு முக்கியமான உரிமை இருக்கிறது. உடனடி அபாயம் இருப்பதாகத் தக்க காரணத்தோடு நம்பும் தொழிலாளி, அதை நிர்வாகத்துக்குத் தெரிவித்தும் நடவடிக்கை இல்லையென்றால், அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவனைப் பழிவாங்கக் கூடாது. காவல் தகடு இல்லாமல் சுழலும் கத்தியைவிட உடனடி அபாயம் வேறென்ன இருக்க முடியும்?

இரைச்சலுக்கும் வரம்பு உண்டு. 2019-ம் ஆண்டின் விதிகளின்படி நாள் முழுதுக்கும் சராசரி 85 டெசிபல் என்பது எல்லை. இழைப்பு மிஷினின் ஓசை அந்த எல்லையை எளிதில் தாண்டும். மரத்தூளும் அற்பமன்று. அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1995-ல் அறிவித்துவிட்டது. தூளை உறிஞ்சும் குழாயைப் பூட்டுவது முதலாளியின் தருமமன்று, கடமை.

விபத்து நேர்ந்துவிட்டால் சொக்சோவுக்கு 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். நான்கு நாட்களுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு இருந்தால், தற்காலிக ஊனத் தொகையாகத் தினக் கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்குத் தனித் தொகை. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலையிட விபத்துப் பாதுகாப்பு விரிந்திருக்கிறது. “உனக்கு ஒன்றும் கிடையாது, ஆயிரம் வெள்ளி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போ” என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இங்கே கிராணி நண்பர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பேனா நம் கையில் இருக்கிறது. விபத்து அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். தகடு இருந்ததா, தள்ளுகட்டை கொடுக்கப்பட்டதா, எத்தனை மணி நேரமாக வேலை செய்துகொண்டிருந்தான், பயிற்சி யார் கொடுத்தது என்ற விவரங்கள் காகிதத்தில் ஏற வேண்டும். பத்து எழுத்தில் பழியைத் தொழிலாளி தலையில் இறக்கி வைப்பது சுலபம். உண்மையை எழுதினால்தான் அடுத்தவன் விரல் தப்பும்.

நம் கோரிக்கை

கையால் தள்ளும் ஒவ்வோர் இழைப்பு மிஷினிலும் காவல் தகடும், கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தும் சுவிட்சும் இருக்க வேண்டும். பயிற்சி இல்லாதவனை மிஷின் முன் நிறுத்தக் கூடாது. அந்தப் பயிற்சி அவனுக்குப் புரியும் மொழியில், தமிழில், மலாயில், நேப்பாளியில், வங்காளத்தில் இருக்க வேண்டும். சுவரில் ஆங்கில அறிவிப்பு ஒட்டிவிட்டால் பயிற்சி ஆகிவிடாது. இந்த மிஷினில் வேலை செய்பவனுக்குத் துண்டுக் கணக்குக் கூலி அறவே கூடாது. அவசரப்படுத்தும் கூலியும் அவசரம் தாங்காத கத்தியும் ஒன்றாக இருக்க முடியாது. இதுவே என் முடிந்த கருத்து.

இவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஒரு தகடு, ஒரு மரக்கட்டை, சில மணி நேரப் பயிற்சி. இவற்றுக்குப் பணமில்லை என்று சொல்லும் முதலாளி, நாற்காலி செய்யும் தொழிலுக்கே வந்திருக்கக் கூடாது.

சங்கத் தோழர்களே! உங்கள் பிள்ளைகளும் தம்பிமார்களும் மரப் பட்டறையில் வேலை செய்தால் இன்றிரவே அவர்களைக் கேளுங்கள்: “மிஷினில் காவல் தகடு இருக்கிறதா?” இல்லை என்றால் சங்கத்துக்குச் சொல்லுங்கள், பாதுகாப்பு இலாகாவுக்கு எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் உங்கள் தோட்டத்துக் கிராணி எழுதித் தருவார். பட்டை உரித்தால் மரத்துக்கு மறுபட்டை வரும். மனிதன் விரலுக்கு மறுவிரல் வராது. வருமுன் காப்போம்!